கொல்லையில் இரண்டே பாத்தி: கீழாநெல்லியா, கரிசாலையா, நிலவேம்பா?

தஞ்சை மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் உள்ள எங்கள் கிராமத்து வீட்டுக் கொல்லையில், மோட்டார் கொட்டகைக்கும் கழிவறைக்கும் போக, கிணற்றடியை ஒட்டி இரண்டு பாத்திக்கு இடம் மிஞ்சியிருக்கிறது. கத்தரியும் வெண்டையும் சந்தையில் கிடைக்கின்றன, ஈரலுக்கு நல்லதாக ஏதாவது மூலிகை வைத்துவிடுவோம் என்று தம்பி சொன்னான். எதை வைப்பது என்ற பேச்சு வந்ததும் வீட்டில் மூன்று பதில்கள் எழுந்தன. பெரியம்மா கீழாநெல்லி என்றார். தலைமுடிக்கும் ஆகும், கீரையாகவும் ஆகும் என்று தம்பி மனைவி கரிசாலை எனப்படும் கரிசலாங்கண்ணியைச் சொன்னார். தம்பிக்கோ, டெங்குக் காலத்தில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த நிலவேம்பின் மேல்தான் நம்பிக்கை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கரிம வேதியியல் நடத்தியவன் என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பு என்னிடம் விடப்பட்டது. நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்; இதே அளவு இடமும் இதே குழப்பமும் உள்ள வீடுகள் டெல்டாவில் நிறைய இருக்கும்.

பல மருத்துவ முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது தஞ்சைக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகியவற்றில் தேர்ந்தவர்களை ஒரே கூரையின்கீழ் அமர்த்தி, கொடுத்த மருந்தையும் நோயாளிக்கு நேர்ந்ததையும் குறித்துவைக்கச் செய்தார். நாட்டு மருந்து என்றதும் கைகூப்புகிறவர்களுக்கும் முகம் சுளிக்கிறவர்களுக்கும் நடுவே இருக்க விரும்புகிற எனக்கு அந்தக் குறித்துவைக்கும் பழக்கம் பிடித்தமானது.

செடிகளுக்குள் போவதற்கு முன் நோயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த மூன்று செடிகளையும் நம் பக்கத்தில் பெரும்பாலும் தேடுவது மஞ்சள் காமாலைக்குத்தான். காமாலை என்பது நோயின் பெயரன்று. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் மிகுந்துவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் குடிநீரோடு சாக்கடை கலக்கும்போது வரும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ ஆகியவை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எந்தப் பச்சிலையை அரைத்துக் குடித்திருந்தாலும் குணமாக்கிய பெயர் அந்தப் பச்சிலைக்குப் போய்ச் சேரும். ஆனால் அதே ஹெபடைடிஸ் இ நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிக்கு வந்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். குடியால் ஈரல் சுருங்கினாலும் மஞ்சளாகும்.

எங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தாளடி நடவு முடிந்த வாரத்தில் சித்தப்பாவுக்குக் காய்ச்சலும், கெண்டைக்கால் சதையைத் தொட முடியாத வலியும் வந்தன. மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. கண்ணைப் பார்த்த நாங்கள் காலைப் பார்க்கவில்லை. ஐந்து நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியமும் போட்டோம். சிறுநீர் குறைந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து காலில் உள்ள வெட்டு, பித்தவெடிப்பு வழியாக உடலுக்குள் புகும் நுண்ணுயிரியால் வருவது. பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளுக்கு, அதுவும் தொடக்கத்திலேயே கொடுத்தால், நன்றாகக் கட்டுப்படும். சித்தப்பா பிழைத்துக்கொண்டார், ஆனால் நான்கு முறை டயாலிசிஸ் செய்த பிறகு. கீழாநெல்லி அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஐந்து நாட்களை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆகவே கண் மஞ்சளானால் இரத்தப் பரிசோதனை முதலில், பாத்திக்குப் போவது பிறகு என்ற நிபந்தனையின் பேரில்தான் கீழே உள்ளவை அனைத்தும் எழுதப்படுகின்றன.

இனிக் கீழாநெல்லி. குறுவை அறுத்த தாளிலும் வரப்பு ஓரத்திலும் தென்னந்தோப்பின் ஈர நிழலிலும் தானாக முளைக்கும் ஒன்றரை அடிச் செடி இது. பெரியம்மா இதைப் பிடுங்கும் விதம் பார்க்கத் தக்கது. செடியை நேராகப் பறிக்க மாட்டார். ஒரு கிளையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகத் திருப்புவார். இலை வரிசைக்கு அடியில் கடுகை விடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள், சிறு காம்புகளில், ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்க வேண்டும். கீழ்க்காய்நெல்லி என்ற பெயருக்கே அதுதான் பொருள். அடுத்து தண்டின் அடிப்பகுதியைப் பார்ப்பார். சிவப்பு ஏறியிருந்து, காய்கள் காம்பின்றித் தண்டோடு ஒட்டி, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் தூக்கி எறிந்துவிடுவார். அவர் எறிவதைத் தாவரவியலார் ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்பார்கள். அவர் மடியில் கட்டிக்கொள்வது ஃபில்லாந்தஸ் அமாரஸ். பழைய இந்திய ஆய்வுக் கட்டுரைகளில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரைக் காண்பவர்கள் குழம்ப வேண்டாம்: நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம்மவர்கள் அந்தப் பெயரில் ஆராய்ந்தது பெரும்பாலும் அமாரஸைத்தான்.

அமாரஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கசப்பு என்று பொருள். அந்தக் கசப்பின் வேதியியலைத் தொடக்கத்தில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர், காவிரிக்கரைக் குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி. 1946-இல் அவரும் உடன் ஆய்வாளரும் இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த ஃபில்லாந்தின் கசக்கும். அதனோடு இருக்கும் ஹைப்போஃபில்லாந்தின் கசக்காது. இரண்டும் லிக்னன் என்ற வகையைச் சேர்ந்தவை. இலையில் அதிகமாகவும் தண்டில் மிகக் குறைவாகவும் இருக்கின்றன. இவை தவிர ஜெரானின், கொரிலாஜின் போன்ற டானின்களும், ருட்டின், குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளும், செக்யூரினின் குடும்பத்து ஆல்கலாய்டுகளும் உண்டு. எலிகளின் ஈரலைக் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சால் கெடுத்துவிட்டு இச்சாற்றைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் ஏராளம். பெரும்பாலானவற்றில் ஈரலின் சேதம் குறைந்தது. எலிக்குக் குறைந்தது மனிதனுக்கும் குறையும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான்.

மனிதர்களிடம் நடந்ததில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது நம் சென்னையிலிருந்து வந்த ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கின் குழுவோடு சேர்ந்து செய்தது. 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் இரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாப் போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி மறைந்தது. இந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இது பயன்படுகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஏன் இந்த வேறுபாடு என்பதற்குச் செடி விளைந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை, வைரஸின் வகை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எதுவாயினும், கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யை ஒழிக்கும் என்று இன்று ஒருவர் விற்பாரானால் அவர் 1988-இல் நின்றுவிட்டவர் என்றே நான் கொள்வேன்.

கீழாநெல்லியை உட்கொள்ளும் முறையிலும் வேதியியல் இருக்கிறது. ஃபில்லாந்தின் தண்ணீரில் ஏறத்தாழக் கரையாது. கொழுப்பிலும் ஆல்கஹாலிலும் கரையும். டானின்கள் தண்ணீரில் நன்றாகக் கரையும். எனவே செடியைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் கஷாயமாகக் குடிப்பவருக்கு டானின்கள்தாம் பெரும்பாலும் கிடைக்கும். கசப்பான லிக்னன்களில் பெரும்பகுதி வடிகட்டிய சக்கையோடு குப்பைக்குப் போகும். அம்மியில் விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரிலோ பாலிலோ கலக்கி அப்படியே விழுங்கும் பழைய முறையில் வடிகட்டலே இல்லை, இலை முழுவதும் உள்ளே போகிறது. பாலில் உள்ள கொழுப்பு லிக்னனுக்கு உதவும் என்பது என் கணிப்பு. ஆனால் பாலின் புரதம் டானினைப் பிணைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால் கணக்கு அவ்வளவு எளிதாக முடிந்துவிடாது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, அதனால்தான் பாலில்லை, மோர், கொழுப்பு கொஞ்சம் மிச்சமுள்ள மோர் என்றார். அவர் இதை எப்படி அறிந்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கீழாநெல்லியின் குறைகள். முதலாவது கலப்பு. ஃபில்லாந்தஸ் பேரினத்தில் ஒன்றையொன்று ஒத்த சிறு செடிகள் பல. தென்னிந்தியாவின் நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை மரபணுச் சோதனைக்கு உட்படுத்திப் பார்த்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மாதிரிகள் உண்மையான அமாரஸாக இருந்தன. எஞ்சியவற்றில் யூரினேரியா, டெபிலிஸ், ஃபிரேட்டர்னஸ் முதலியவையும், சென்னைப் பட்டினத்தின் பெயரைத் தாங்கிய மதராஸ்பட்டென்சிஸ் என்ற மேலாநெல்லியும் இருந்தன. மேலாநெல்லிக்கும் சித்த மருத்துவத்தில் இடம் உண்டு, ஆனால் அது வேறு சரக்கு. பொடியாக்கிய பிறகு பெரியம்மாவின் கட்டைவிரல் நகத்துக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது குறை டெல்டாவுக்கே உரியது. இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். வரப்பை மண்வெட்டியால் செதுக்கி அண்டை வெட்டிய காலத்தில் கீழாநெல்லி வரப்பில் நின்றால் அது வெறும் கீழாநெல்லி. இன்று ஆள் கிடைக்காமல் வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். சென்ற புரட்டாசியில் எங்கள் பக்கத்து வயலின் வரப்பைப் பார்த்தேன்: ஒரு பாகம் அகலத்துக்குப் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் பொசுங்கி நின்றது, அந்தப் பட்டையின் விளிம்பில் நான்கு கீழாநெல்லிச் செடிகள், நுனி இலைகள் மட்டும் வெளிறி, மற்றபடி பச்சையாகவே இருந்தன. தெளிப்பு அரைகுறையாகப் பட்ட செடிகள் அவை. காலையில் யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போனால் நோயாளியின் ஈரலுக்கு மூலிகையோடு சேர்த்து எதைக் கொடுக்கிறோம் என்பது தெரியாது. கழுவினால் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: கிளைபோசேட் போன்றவை இலை வழியாக உறிஞ்சப்பட்டுச் செடியின் உள்ளே பரவும்படி உருவாக்கப்பட்டவை, வெளியே கழுவினால் உள்ளே இருப்பது போகாது.

கரிசலாங்கண்ணிக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கையாந்தகரை என்றும் கரிசாலை என்றும் சொல்வது இதைத்தான். எக்லிப்டா பிராஸ்ட்ரேட்டா என்பது அறிவியல் பெயர். வாய்க்கால் கரை, மடை ஓரம், அடிபம்பைச் சுற்றிய சேறு என்று ஈரம் நிற்கும் இடமெல்லாம் வளரும். எதிர் எதிர் இலை, சிறு வெள்ளைப் பூ. கீழாநெல்லியைப் போல் இதை அடையாளம் காண்பதற்கு நுட்பம் தேவையில்லை. இலையைக் கசக்கிச் சாற்றை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு நின்றால் போதும். பச்சையாகத் தொடங்கும் கறை கண்ணெதிரே கருத்துப்போய், விரல் ரேகைகளில் இரண்டு நாளைக்கு நிற்கும். கண்மை செய்வதற்கு இதன் சாற்றில் துணியைத் தோய்த்து உலர்த்தித் திரியாக்கியது இந்தக் கருமைக்காகத்தான்.

இதன் முதன்மையான வேதிப்பொருள் வெடெலோலாக்டோன். அதன் கட்டமைப்பை 1956-இல் வகுத்துச் சொன்னவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவரோடு பணியாற்றியவர்களும். செய்த இடம் சென்னை மாநிலக் கல்லூரி. அவர்கள் அதைப் பிரித்தெடுத்தது மஞ்சள் பூக் கரிசலாங்கண்ணியிலிருந்து, அன்றைய பெயரில் வெடெலியா கேலண்டுலேசியாவிலிருந்து. வெள்ளைப் பூச்செடியிலும் அதே பொருள் இருக்கிறது. ஈரல் செல்களை நச்சிலிருந்து காப்பதிலும் அழற்சியைத் தணிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் மனிதர்களிடம் செய்த சோதனைகள் என்று பார்த்தால், கீழாநெல்லிக்கு இருக்கும் அளவு கூட இதற்கு இல்லை. தலைமுடி கருக்கும் என்ற புகழ், சாறு கையைக் கருக்குவதைப் பார்த்த கண்ணிலிருந்து பிறந்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு. தம்பி மனைவியிடம் இதைச் சொல்லும் துணிவு இல்லை.

கரிசாலையின் உண்மையான பலம் வேறு. இது கீரை. மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார் இதை அன்றாடம் உட்கொள்ளத் தக்க மூலிகையாகப் போற்றியதால், வடலூரைச் சுற்றிய ஊர்களிலும் சன்மார்க்க அன்பர்களின் வீடுகளிலும் துவரம்பருப்போடு கடைந்தோ பொரியலாகவோ சாப்பிடுவது இன்றும் வழக்கம். வாரம் இருமுறை சாப்பாட்டுத் தட்டில் வரும் ஒன்றுக்கு, நோய் வந்தபின் தேடும் ஒன்றுக்கு வைக்கும் அளவுகோலை வைக்க வேண்டியதில்லை. ஆனால் சாக்கடை ஓரத்தில் வளர்ந்ததைக் கீரையாகக் கடையவும் முடியாது. ஊருக்குள் இது செழிப்பாக நிற்பதோ பெரும்பாலும் அங்கேதான்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியை வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொற்றலைக் கையான் என்று சித்த மருத்துவர்கள் சொல்லும் அசல் செடியின் இலை நீண்டு ஒடுங்கி, சொரசொரப்பாக, விளிம்பில் ஓரிரு பற்களோடு இருக்கும். நெடுஞ்சாலை நடுத்திட்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் கம்பளம் போல் படர்ந்து மஞ்சள் பூ பூப்பது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அழகுச்செடி; இலை தடித்துப் பளபளப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அதன் வேதியியல் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் நாற்றங்காலில் விற்பதை நானே பார்த்திருக்கிறேன். நம்பத் தக்க வைத்தியர் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கணு கிடைத்தால் நடலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

நிலவேம்பின் கதை மற்ற இரண்டிலிருந்தும் மாறுபட்டது. ஆண்ட்ரோகிராஃபிஸ் பேனிகுலேட்டா; சிறியாநங்கை என்றும் இதையே பலர் சொல்கிறார்கள். இதன் ஆண்ட்ரோகிராஃபோலைடு 1911-இலேயே தூய நிலையில் பிரிக்கப்பட்டது. உலர்ந்த இலையில் ஒன்றிரண்டு விழுக்காடு வரை இருக்கும் என்பதால் மூன்று செடிகளில் முதன்மைப் பொருள் அடர்த்தியாக உள்ளது இதில்தான். எலிகளில் பாரசிட்டமால் நஞ்சிலிருந்து ஈரலைக் காத்தது உண்மை. மனிதர்களிடம் சளி, தொண்டைக் கரகரப்பு போன்ற மேல் மூச்சுப்பாதைத் தொல்லைகளுக்கு ஓரளவு பயன் காட்டிய சோதனைகளும் உள்ளன. 2012-இலும் 2017-இலும் டெங்கு பரவியபோது அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீர் தனிச் செடியன்று. வெட்டிவேர், விளாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவற்றோடு சேர்த்த ஒன்பது சரக்கு. அந்தக் குடிநீரின் பேரையும் புகழையும் கொல்லையில் நிற்கும் ஒற்றைச் செடிக்கு மாற்றிக்கொள்வது தம்பி செய்த தவறு. கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க விரும்புகிறவர்களுக்கும் நிலவேம்பு கூடாது என்பதையும் அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

மண்ணும் ஒத்துவராது. வல்லத்துச் செம்மண் மேட்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் நிலவேம்பு சுகமாக வளரும்; எங்கள் கொல்லையின் களிமண்ணில் கார்த்திகை மாதம் மூன்று நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி போட்டு வளர்க்கலாம், ஆனால் அவ்வளவு பாடுபட வேண்டிய தேவை என்ன? நிலவேம்பு உலர்ந்தாலும் கெடுவதில்லை. கடையில் வாங்கும்போது ஒரு இலையை நுனி நாக்கில் வைத்தால் அரை மணி நேரம் போகாத கசப்பு இருக்கும், அதுவே முத்திரை. வேறொன்றைக் கலந்து இதை ஏமாற்றி விற்பது எளிதன்று.

இந்த இடத்தில்தான் எனக்குத் தீர்ப்பு பிடிபட்டது. நான் முதலில் எந்தச் செடிக்கு வலிமை அதிகம் என்று தேடினேன். அப்படிப் பார்த்தால் வேதிப்பொருளின் அளவில் நிலவேம்பும், ஈரல் பற்றிய மனிதச் சோதனைகளின் எண்ணிக்கையில் கீழாநெல்லியும் முன்னே வரும், வழக்கு முடியாது. கொல்லையில் வளர்ப்பதால் எந்தச் செடியின் குறை தீர்கிறது என்று கேட்டபோது விடை உடனே வந்தது. கீழாநெல்லியின் இரண்டு பெருங்குறைகளும், அதாவது கலப்பும் களைக்கொல்லியும், கடையிலும் வரப்பிலும்தான் உண்டாகின்றன. சொந்தப் பாத்தியில் இரண்டும் இல்லை. போதாக்குறைக்கு அது பச்சையாக அரைத்துக் கொடுக்க வேண்டிய சரக்கு, சித்திரை வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும்போது தேடினால் கிடைக்காது. கரிசாலைக்குச் சாக்கடைத் தண்ணீர் ஒன்றே குறை. அதுவும் கிணற்றடியில் தீர்ந்துவிடுகிறது, கீரையும் கிடைக்கிறது. நிலவேம்புக்குக் கொல்லை எதையும் கூட்டுவதில்லை. அதை ஆண்டுக்கு ஒருமுறை கடையில் வாங்கி டப்பாவில் வைத்துக்கொள்ளலாம், அல்லது அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டு வாங்கலாம். கடையில் விற்கும் கீழாநெல்லி மாத்திரைகளைப் பற்றிக் கேட்டால், உரிமம் பெற்ற தயாரிப்பும் தயாரித்த தேதியும் பார்த்து, சித்த மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் வாங்குங்கள் என்பேன். அதற்கு மேல் அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரியம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. கீழாநெல்லி இரத்தச் சர்க்கரையை இறக்கக்கூடியது, சிறுநீரையும் கூட்டக்கூடியது. ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதன் சாறு தடுப்பதாகவும் ஆய்வுக்கூடச் சோதனைகள் உண்டு. அன்றாடம் மாத்திரை சாப்பிடும் எவரும் மருத்துவரிடம் சொல்லாமல் பாத்தியில் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பெரியம்மா தலையசைத்தார், கடைப்பிடிப்பார் என்று நம்புகிறேன்.

ஆடி மாதம் பாத்தி தயாரானது. கிழக்குப் பாத்தியில் கரிசாலை. வாய்க்காலின் மேல்மடை, ஊருக்கு வெளியே, சாக்கடை கலக்காத இடத்திலிருந்து வேரோடு கொண்டுவந்து வைத்தது இரண்டே வாரத்தில் படர்ந்துவிட்டது. மேற்குப் பாத்திக்கான கீழாநெல்லி விதையைப் பெரியம்மாவே சேகரித்தார். முற்றிய காய் வெடித்து விதையைத் தெறித்துவிடும் என்பதால், செடிகளைக் காய் பழுக்கும் தறுவாயில் பிடுங்கி, வாய் அகன்ற காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பையைத் தட்டித் தட்டி எடுத்தார். தூள் போன்ற அந்த விதையை மணலோடு கலந்து தூவினோம், மேலே மண் மூடவில்லை. முளைத்து ஒரு விரற்கடை உயரம் வந்தபோது ஓர் ஆபத்து நேர இருந்தது: தோட்டத்தில் களை எடுக்க வந்த அக்கா அந்தப் பாத்தியில் உட்கார்ந்து முதல் கைப்பிடியைப் பிடுங்கியே விட்டார். அவர் வாழ்நாளெல்லாம் வயலில் களையென்று பிடுங்கி எறிந்த செடி அது. பெரியம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, பிடுங்கியதை வாங்கித் திரும்ப ஊன்றிவிட்டு, அன்று மாலையே பாத்தியைச் சுற்றிப் பழைய செங்கல்லை வரிசையாகப் பதித்து வைத்தார்.